ஒரு வினாவும் பல விடைகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிற்றாற்றின் கரையில் அமைந்த நகரம் தென்காசி. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலும் அதன் உயர்ந்த கோபுரமும் அந்நகருக்கு அணி செய்கின்றன. அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் குற்றாலம் உள்ளது. ஆனி, ஆடித் திங்களில் மேல்காற்று வீசும். மலைமுகட்டில் முகில் தவழும். மெல்லிய சாரல் பொழியும். அக்காலத்தில் பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி ஆகியவற்றில் நீராட மக்கள் திரள்வர். அருவிக்குச் செல்லும் வழியெங்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் பலாவும் குவித்து வைக்கப்பட்டிருக்கும்.

பலாப்பழத்தைக் காணும்போது கணக்கு ஒன்று நினைவுக்கு வருதல் இயல்பு. பழத்தைப் பிளவாமலே அதனுள் எத்தனை சுளை உண்டு என்று அறிய முன்னோர் ஒரு வழி கூறினர். காரி நாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’ என்னும் பழைய நூலில் அவ்வழி காணப்படுகிறது. காம்பை அடுத்துள்ள சிறு முட்களை எண்ணி, அவ்வெண்ணை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தல் வேண்டும் என்பதே அது. முள் 50 எனின், சுளை 60 ஆகும். இவ்விடை சில பழங்களுக்குப் பொருந்தலாம். சிலவற்றிற்குப் பொருந்தாமலும் போகலாம். பழத்தைப் பிளந்து, சுளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணியவனுக்கே உண்மை தெளிவாகும். புறக்குறி கண்டு உய்த்துணர்தல் வேறு. எண்ணித் தெளிதல் வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் இக்காலத்தில் மிகவும் இன்றியமையாததாகும். அதன் காரணத்தை இனிக் காண்க.

தென்காசிக்கு அண்மையில் மத்தளம்பாறை என்னும் சிற்றூர் உண்டு. வயலும் மலையும் சூழ்ந்த அவ்வூரில் ஜோஹோ என்னும் கணிப்பொறி மென்பொருள் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் ஓர் அலுவலகத்தை நிறுவியது. ஊர்ப்புறத்து இளைஞர் பலர் அங்குப் பணி பெற்றனர். அந்நிறுவனம் 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘ஜியா’ என்னும் பெயரால் மொழி மாதிரிகள் மூன்றை வெளியிட்டது. அவை முறையே 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்களைக் கொண்டவை. சாட்ஜிபிடி என்னும் உரையாடற் கருவி 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் உலகிற்கு அறிமுகமானது. அதன் பின்னர் மூன்றாண்டுக்குள் இத்தகைய கருவிகளின் பெயர் சாரல் விழும் சிற்றூர்களிலும் வழங்கும் சொல்லாயிற்று.

மொழி மாதிரி என்பது யாது? நூல்கள், இதழ்கள், கடிதங்கள், கணக்குகள் முதலிய எண்ணிறந்த எழுத்துக்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பெற்ற கணிப்பொறி அமைப்பே அது. ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வருதல் கூடும் என்று உய்த்துணர்ந்து, சொல்லை அடுத்துச் சொல்லாக அஃது எழுதிச் செல்லும். கேட்ட வினாவிற்கு நொடிப்பொழுதில் விடை தரும். கட்டுரை வரையும், செய்யுளுக்குப் பொருள் கூறும். இவை வியத்தற்குரியனவே. எனினும், ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் விடை கூறத்தக்க எளிய வினா ஒன்று இக்கருவிகள் பலவற்றை இடறச் செய்தது.

“9.11, 9.9 ஆகிய இரண்டனுள் பெரியது எது?” என்பதே அவ்வினா.

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இவ்வினாவைப் பலரும் பல மொழி மாதிரிகளிடம் கேட்டு, விடைகளை ஒப்பிட்டனர். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த மாதிரிகளுள் சில, 9.11 என்பதே பெரியது எனத் தயங்காமல் விடை கூறின. காரணமும் கூறின. சொற்களின் முறையைச் சிறிது மாற்றிக் கேட்டபோது அதே மாதிரி வேறு விடை கூறுவதும் உண்டு. இச்செய்தி உலகெங்கும் பரவி, நகைப்பையும் சிந்தனையையும் ஒருங்கே விளைத்தது.

இப்பிழையைக் கருவிக்கே உரியதெனக் கருதுதல் பொருந்தாது. அதே திங்களில் சீன நாட்டில் நடைபெற்ற பாட்டுப் போட்டி ஒன்றில், ஒருவர் நூற்றுக்கு 13.8 பங்கும், மற்றொருவர் 13.11 பங்கும் வாக்குப் பெற்றனர். 13.8 பெற்றவர் மேலிடம் பெற்றது முறையன்று என மக்களுட் சிலரே வாதிட்டனர். எனவே, மனிதரும் இடறும் கல்லிலேயே கருவியும் இடறிற்று எனலாம்.

சரியான விடையை அறிய அரிய நுட்பம் எதுவும் வேண்டுவதில்லை. துணிக்கடைக்குச் செல்லும் ஒருவர் இருவகைத் துணி வாங்குவதாகக் கொள்க. ஒன்றன் நீளம் 9.9 மீட்டர், மற்றதன் நீளம் 9.11 மீட்டர். முன்னது 9 மீட்டர் 90 சென்டிமீட்டர். பின்னது 9 மீட்டர் 11 சென்டிமீட்டர். முன்னது 79 சென்டிமீட்டர் மிகுதி என்பது வெளிப்படை. புள்ளிக்கு வலப்புறம் முதலில் உள்ள இடம் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். அடுத்த இடம் நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும். 9.9 என்பதில் பத்தின் பங்கு ஒன்பது, 9.11 என்பதில் பத்தின் பங்கு ஒன்றே.

9.11 என்பதை “ஒன்பது புள்ளி ஒன்று ஒன்று” என்று படித்தல் வேண்டும். “ஒன்பது புள்ளி பதினொன்று” என்று படித்தல் கூடாது எனக் கணக்காசிரியர் வற்புறுத்துவர். அவ்வாறு வற்புறுத்துவதன் பயன் ஈண்டு விளங்கும். ‘பதினொன்று’ என்று வாய் கூறியவுடன், அது ஒன்பதினும் பெரிது என்று மனம் மயங்கிவிடும். பண்டைத் தமிழர் பின்னங்களை முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, முந்திரி எனத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். திண்ணைப் பள்ளி மாணவர் எண்சுவடியை மனப்பாடம் செய்து, அப்பெயர் ஒவ்வொன்றன் அளவையும் அறிந்திருந்தனர். கால் என்றதும் நான்கில் ஒரு பங்கு அவர் நினைவில் நின்றது. மாகாணி என்றதும் பதினாறில் ஒரு பங்கு நின்றது. எண்ணின் தோற்றம் அவரை மயக்குவதற்கு அங்கே இடமில்லை.

இனி, இவ்வினாவிற்கு வரக்கூடிய விடைகளை நால்வகையாகப் பிரித்து ஒப்பிட்டு நோக்குக.

முதல் விடை: “9.11 பெரியது, ஏனெனில், 11 என்பது 9 என்பதனினும் பெரியது.” இதன்கண் விடையும் பிழை, காரணமும் பிழை. ஆயினும், இது காரணத்தை மறைக்கவில்லை. பிழை எங்கே பிறந்தது என்பதை எளிதில் காணலாம், திருத்தலாம்.

இரண்டாம் விடை: “9.9 பெரியது.” இதன்கண் விடை சரி, காரணம் இல்லை. அறிந்து கூறியதோ, தற்செயலாய் அமைந்ததோ எனத் துணிய வழியில்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து விடை கூறுபவனும் இருமுறைக்கு ஒருமுறை சரியாகக் கூறக்கூடும்.

மூன்றாம் விடை: “9.9 பெரியது, ஏனெனில், புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்த எண்ணே பெரியது.” இது மிகவும் எச்சரிக்கையுடன் நோக்கத்தக்கது. விடை சரியாக இருப்பதால் கேட்பவர் காரணத்தையும் நம்பிவிடுவர். அக்காரணத்தை 9.1, 9.12 ஆகிய எண்களுக்குப் பொருத்தினால் 9.1 பெரியது என்று ஆகும். அது பிழை. சரியான விடையின் நிழலில் பிழையான விதி ஒளிந்து நிற்பது, வெளிப்படையான பிழையினும் தீங்கு பயப்பதாகும்.

நான்காம் விடை: “9.9 என்பதை 9.90 என எழுதலாம். இரண்டிலும் முழுவெண் 9. பத்தின் இடத்தில் முன்னதில் 9, பின்னதில் 1. ஆகவே 9.90 பெரியது. இரண்டன் வேறுபாடு 0.79. 9.11 உடன் 0.79 கூட்டினால் 9.90 வருதலின் இவ்விடை உறுதியாகிறது.” இதன்கண் விடையும் உண்டு, காரணமும் உண்டு, சரிபார்த்தலும் உண்டு. இவ்விடையை எழுதியவர் மாணவராயினும் கருவியாயினும் முழு மதிப்பெண் பெறுதற்கு உரியர்.

விடை பெற்றபின் இன்னொரு சோதனையும் செய்யலாம். சரியான விடை கூறிய கருவியிடம், “நீ கூறியது தவறு” என்று கூறிப் பார்த்தல் வேண்டும். மொழி மாதிரிகள் கேட்பவரின் கருத்துக்கு இசைந்து செல்லும் இயல்புடையன என்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். சரியான விடையைக் கூறிவிட்டு, மறுத்துக் கூறியவுடன் வருத்தம் தெரிவித்துத் தவறான விடைக்கு மாறுவதும் உண்டு. காரணத்தில் வேரூன்றிய விடை பிறர் சொல்லால் சாயாது. வேரில்லாத விடை மெல்லிய காற்றிலும் சாயும்.

இத்துணை ஆற்றல் வாய்ந்த கருவி எளிய வினாவில் இடறுவதற்குக் காரணம் யாது? பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1642-ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கிய கூட்டற்பொறியில் பற்சக்கரங்கள் இருந்தன. ஓரிலக்கம் ஒன்பதைக் கடந்தால் அடுத்த சக்கரம் ஓரிடம் நகரும். கணக்கின் விதியே அப்பொறியின் உடலாக அமைந்தது. மொழி மாதிரி அத்தகையதன்று. அது கற்றது கணக்கின் விதியையன்று. கணக்கைப் பற்றியும் பிறவற்றைப் பற்றியும் மக்கள் எழுதிய எழுத்தையே. அது எழுத்துக்களைச் சிறு துணுக்குகளாக நறுக்கிக் கொள்ளும். 9.11 என்பது பல மாதிரிகளில் 9, புள்ளி, 11 என மூன்று துணுக்குகளாகும். 9.9 என்பது 9, புள்ளி, 9 என ஆகும். 11, 9 என்னும் துணுக்குகள் அருகருகே வரும்போது முன்னதே பெரிது என்னும் வழக்கு எழுத்துலகில் மிகுதி.

மேலும், புள்ளியிட்ட எண்கள் எங்கும் ஒரே பொருள் தருவதில்லை. நூலின் ஒன்பதாம் பாடத்தில் 9.9, 9.10, 9.11 எனப் பிரிவுகளுக்கு எண்ணிடுவர். அங்கே 9.11 என்பது பிந்தியது. மென்பொருளின் பதிப்புகளுக்கும் அவ்வாறே எண்ணிடுவர். அமெரிக்க நாட்டினர் செப்டம்பர் 11-ஆம் நாளை 9, 11 என்னும் எண்களால் குறிப்பர். 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆய்வு நிறுவனம் ஒன்று, இத்தகைய வினாவில் தவறிய மாதிரி ஒன்றன் உள்ளியக்கத்தை ஆராய்ந்தது. நாட்குறிப்பு, விவிலிய வசன எண் ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகள் அதனுள் கிளர்ந்தெழுந்தமை புலனாயிற்று. அப்பகுதிகளை அடக்கியபோது மாதிரி சரியான விடை கூறுதல் மிகுந்தது. கருவி எண்ணைக் கண்டு, எண்ணல்லாத பிறவற்றையும் நினைத்தது எனச் சுருங்கக் கூறலாம்.

இக்குறையைப் போக்க அறிஞர் பல வழி கண்டனர். அவற்றுள் ஒன்று மிக எளியது. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், வினாவின் இறுதியில் “படிப்படியாக எண்ணிப் பார்ப்போம்” என்னும் பொருளுடைய தொடரைச் சேர்த்துக் கேட்டனர். ஒரு தொகுதிக் கணக்குகளில் நூற்றுக்கு 17.7 ஆக இருந்த சரியான விடை, அத்தொடரைச் சேர்த்தபின் 78.7 ஆக உயர்ந்தது. விடையை முதலில் கூறிவிட்டுக் காரணம் தேடுவோன், தவறான விடைக்கும் காரணம் கற்பிப்பான். படிகளை முதலில் எழுதுவோன் அப்படிகளின் வழியே விடையை அடைவான். கணக்கில் ‘செய்முறை எழுதுக’ என ஆசிரியர் கூறுவதன் உண்மை இவ்வாறு கருவியினிடத்தும் மெய்ப்பட்டது.

எனினும், படிகள் எழுதினால் மட்டும் போதாது. 2024-ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர், கிவிப் பழங்களைப் பற்றிய எளிய கூட்டற்கணக்கில் வேண்டாத செய்தி ஒன்றைச் சேர்த்துக் கேட்டனர். அக்கணக்கைக் குற்றாலத்துக்கு ஏற்பப் பின்வருமாறு அமைக்கலாம்: வணிகர் ஒருவர் வெள்ளிக்கிழமை 40 மங்குஸ்தான் பழமும், சனிக்கிழமை 55 பழமும் விற்றார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையினும் இருமடங்கு விற்றார்; அவற்றுள் ஐந்து பழம் சற்றுச் சிறியன. விற்ற பழம் எத்தனை? விடை 175. சிறிய பழமும் பழமே அன்றோ? ஆயினும், ஆய்வில் மாதிரிகள் சில அவ்வைந்தைக் கழித்து விடை கூறின. வினாவில் எண் ஒன்று வந்தால் அதைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று கருதும் மாணவர் செய்யும் பிழையும் இதுவே.

அண்மைக் காலத்தில் மொழி மாதிரிகள் பெரிதும் முன்னேறியுள்ளன. நெடிது எண்ணிப் பின்னர் விடை கூறும் மாதிரிகள் தோன்றியுள்ளன. கணக்கிடும் வேலையைத் தாமே செய்யாமல், அதற்கெனச் சிறு நிரல் எழுதிக் கணிப்பொறியைக் கொண்டு செய்விக்கும் மாதிரிகளும் உள்ளன. 2025-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடு போட்டியின் ஆறு வினாக்களில் ஐந்தற்கு முழு விடை எழுதி, 42 மதிப்பெண்ணுக்கு 35 பெறும் அளவிற்கு நிறுவனங்கள் இரண்டின் மாதிரிகள் உயர்ந்தன. அது தங்கப் பதக்கத்திற்குரிய தரமாகும். ஆயினும், அரியதை முடித்த கருவி எளியதில் ஒருபோதும் இடறாது எனத் துணிதற்கு இயலாது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது முதுமொழி.

சிறு எண் பிழையால் பெருங்கேடு வருமோ என ஐயுறலாம். குற்றால மலையில் ஒரு நாள் 9.9 சென்டிமீட்டர் மழை பெய்ததாகக் கொள்க. மற்றொரு நாள் 9.11 சென்டிமீட்டர் பெய்ததாகக் கொள்க. இரண்டன் வேறுபாடு 7.9 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்நீர் ஒரு லிட்டர் ஆகும். எனவே, ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் இவ்வேறுபாடு மட்டும் 79 லட்சம் லிட்டர் நீராகும். எம்மழை மிகுதி என்பதை மாற்றிக் கொண்டால், எந்நாளில் வெள்ளம் மிகுதி என்பதும் மாறிவிடும். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகிற்று. பதினேழு வயது இளைஞர் ஒருவர் உயிர் நீத்தார். அத்துயரம் எண்பிழையால் நேர்ந்ததன்று. ஆயினும், மலைநீர் எத்துணை விரைவில் பெருகும் என்பதையும், அங்கே அளவறிதல் உயிர்காக்கும் செயல் என்பதையும் அது உணர்த்தும்.

மருந்தின் அளவும் அத்தகையதே. 0.25 மில்லிலிட்டர் என்பதை 0.5 மில்லிலிட்டரினும் பெரிதெனக் கருதும் ஒருவர், இருமடங்கு மருந்தைக் குறைந்த அளவென நினைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடக்கூடும்.

ஆதலின், விடை எவ்விடத்திலிருந்து வரினும் அதைச் சரிபார்த்தல் மாணவர் கடனாகும். அதற்கு வழிகள் மூன்று. முதலாவது, தோராயமாக மதிப்பிடுதல். 38-ஐ 52-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 40-ஐ 50-ஆல் பெருக்கிய 2000 வருதல் வேண்டும். கருவி 19,760 எனக் கூறினால் அது பிழை என்பது அப்போதே தெரியும். இரண்டாவது, இறுதி இலக்கத்தை நோக்குதல். எட்டையும் இரண்டையும் பெருக்க 16 ஆதலின், விடை ஆறில் முடிதல் வேண்டும். 1978 என்பதும் பிழையே. மூன்றாவது, மறுதலையாகச் செய்து பார்த்தல். 1976-ஐ 52-ஆல் வகுக்க 38 வரும். ஆகவே 1976 என்பதே சரி.

இம்மூன்றும் செய்யச் சில நொடிகளே போதும். ஆனால், அவற்றைச் செய்வதற்குக் கணக்கு அறிந்திருத்தல் வேண்டும். கருவி வந்துவிட்டதால் கணக்குக் கற்க வேண்டுவதில்லை எனக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. கருவியின் விடை சரியா, பிழையா எனக் கூறவல்லவன் கருவியை ஆள்கிறான்; கூற இயலாதவன் கருவியால் ஆளப்படுகிறான்.

காம்பை அடுத்த முள்ளை எண்ணிச் சுளையை மதிப்பிட்ட முன்னோரும் பழத்தைப் பிளக்காமல் விட்டாரல்லர். மதிப்பீடு அவர்களுக்குத் துணை. எண்ணித் தெளிந்ததே முடிபு. புதிய கருவி தரும் விடையையும் அவ்வாறே கொள்ளுதல் வேண்டும். முள்ளை எண்ணுக, பழத்தையும் பிளந்து பார்க்க.

பயிற்சி

1. 7.8, 7.12 ஆகிய இரண்டனுள் பெரியது எது? காரணம் எழுதி, விடையைச் சரிபார்க்க.
2. நால்வகை விடைகளுள் மூன்றாம் விடை தீங்கு பயப்பது எவ்வாறு? வேறோர் எடுத்துக்காட்டுத் தருக.
3. பாஸ்கலின் கூட்டற்பொறிக்கும் மொழி மாதிரிக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. ‘குறிகண்டு உய்த்துணர்தல் வேறு, எண்ணித் தெளிதல் வேறு’ என்பதை விளக்கி ஒரு பத்தி வரைக.